இருக்காங்க, இருக்கினம்

ஹட்டனில் என்னோடு படிப்பித்த சிநேகிதி ஒருத்தி, நாற்பது வயதில் நான் பல்கலைக்கழகம் போன கதையை எழுதியனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பள்ளிக்கூடச் சஞ்சிகையில் போடுவார்களாம். பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்குமாம். எழுத உட்கார்ந்தேன். ஊக்கம் தருகிற கதையாக அது வரவில்லை. வந்தபடியே எழுதுகிறேன். போடுவதா வேண்டாமா என்பதை அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

1

நான் இலங்கை மலையகத்தில், வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். ஸ்டெல்லா என்று பெயர் வைத்தவர் பாதிரியார். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா தொழிற்சாலையில் இருந்தார். கணக்கு நன்றாக வந்ததால் ஹட்டனில் படித்து, பிறகு அங்கேயே சின்ன வகுப்புகளுக்குக் கணக்குப் படிப்பித்தேன். என் கணவர் தவராசா யாழ்ப்பாணத்துக்காரர். மாற்றலாகி வந்த விஞ்ஞான ஆசிரியர். இரண்டு பக்கத்திலும் ஆட்கள் முகத்தைச் சுளிக்கத்தான் கலியாணம் கட்டிக்கொண்டோம். மகள் நிரோஷினிக்கு நாலு வயதாக இருக்கும்போது நோர்வேக்கு வந்து சேர்ந்தோம்.

பேர்கன் என்ற இந்த நகரத்தில் மழை நிற்பதே இல்லை. வந்த புதிதில் எல்லாரும் அதைச் சொல்லித்தான் பயங்காட்டினார்கள். வட்டவளையில் பிறந்தவளுக்கு மழை ஒரு விஷயமா? நான் பயந்தது வேறொன்றுக்கு.

இங்கே தமிழர் என்றால் பெரும்பாலும் யாழ்ப்பாணத்து ஆட்கள். நல்லவர்கள். வந்த அன்றே சட்டி பானை, கம்பளிச்சட்டை எல்லாம் கொண்டுவந்து தந்தார்கள். ஆனால் நான் வாயைத் திறந்தால், "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்பார்கள். இல்லை, வட்டவளை என்று சொன்னால், "ஓ, தோட்டப்பக்கம்" என்பார்கள். அதற்குப் பிறகு பேச்சு கொஞ்சம் மெதுவாகும்.

நிரோஷினி சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போன முதல் வருஷம், "அம்மா வீட்ல இருக்காங்க" என்று சொல்லியிருக்கிறாள். "இந்தியப் படம் கூடப் பாக்கிறீர் போல. 'இருக்கிறா' எண்டு சொல்லும்" என்றாராம் ஆசிரியை. பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு நானும் என் கணவரும் பெரிதாக எதுவும் பேசித் தீர்மானிக்கவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து வீட்டுக்குள் 'இருக்கினம்' வந்தது, 'கதைக்கிறம்' வந்தது, 'ஓம்' வந்தது. சில வருஷத்தில் கனவில்கூட நான் அப்படித்தான் பேசினேன். என் மகள் வளர்ந்தது அந்தத் தமிழில்தான்.

2

ஒரு பாலர் பாடசாலையில் உதவியாளராக வேலை செய்துகொண்டிருந்தேன். கணக்கு ஆசிரியையாக ஆகவேண்டும் என்ற பழைய ஆசை விடவில்லை. என் ஹட்டன் சான்றிதழ்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். இது என்ன நாடு, இது என்ன முத்திரை, இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று ஒரு வருஷம் இழுத்தடித்தார்கள். கடைசியில், பல்கலைக்கழகத்தில் சில பாடங்களை எடுத்துச் சித்தியடைந்தால் யோசிக்கலாம் என்றார்கள். அதில் ஒன்று கணினியியலின் கோட்பாட்டுக்கு ஓர் அறிமுகம்.

அதே பாடத்தை அதே வருஷம் என் மகளும் எடுத்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. கணினியியல் முதலாம் வருஷம்.

"அம்மா, வகுப்பில என்னைப் 'பிள்ளை' எண்டு கூப்பிடாதேங்கோ" என்றாள் போகும் வழியில். நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். அவள் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

விரிவுரையாளர் ஒல்லியான, வயதான பெண். வடக்கே ஏதோ மீனவத் தீவில் பிறந்தவர். அவர் வாயைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'நான்' என்பதற்கு நாங்கள் நோர்வேஜிய மொழி வகுப்பில் படித்த சொல்லை அவர் சொல்லவே இல்லை. தன் தீவுப் பேச்சில், மீன் விற்பவர்கள் பேசுகிற அதே பேச்சில், பல்கலைக்கழக மேடையில் நின்று பாடம் நடத்தினார். யாராவது சிரிப்பார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"ஒருத்தரும் ஏன் சிரிக்கேல்ல?" என்று பிறகு மகளிடம் கேட்டேன்.

"ஏன் சிரிக்க வேணும்? அது அவவின்ர ஊர்ப் பாஷை" என்றாள். அவளுக்கு என் கேள்வியே விளங்கவில்லை.

அன்றைய பாடத்தின் முதல் வசனத்தை நான் மிகக் கவனமாகத் தமிழில் எழுதிக்கொண்டேன்: "மொழி என்பது கண்டிப்பானவர்களின் கூட்டம்." ஆழமான கருத்தாக இருக்கிறதே என்று நினைத்து அடிக்கோடும் போட்டேன். 'ஸ்ட்ரெங்' என்ற நோர்வேஜியச் சொல்லுக்குக் கண்டிப்பு என்றுதான் எனக்குத் தெரியும். "அம்மா சரியான ஸ்ட்ரெங்" என்று மகள் சிநேகிதிகளிடம் என்னைப் பற்றிச் சொல்லித்தான் அந்தச் சொல்லையே கற்றுக்கொண்டேன். அதற்குச் சரம் என்றும் அர்த்தம் இருக்கிறதாம். எழுத்துகளை வரிசையாகக் கோத்தால் சரம். மொழி என்பது சரங்களின் தொடை, அதாவது கூட்டம், அவ்வளவுதான். நிரோஷினி பஸ்ஸில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு அந்த வசனத்தின் மிச்சம் என்னைப் பிடித்துக்கொண்டது. விரிவுரையாளர் சொன்னார்: "இந்தப் பாடத்தில் அர்த்தத்தை மறந்துவிடுங்கள். சரம் என்ன சொல்கிறது என்று பார்க்காதீர்கள். அதன் வடிவத்தை மட்டும் பாருங்கள்." பிறகு கரும்பலகையில் வட்டங்களும் அம்புக்குறிகளும் வரைந்தார். அதுதான் இயந்திரமாம். சரம் ஒவ்வோர் எழுத்தாக உள்ளே போகும். கடைசி எழுத்து முடியும்போது இரட்டைக் கோடு போட்ட வட்டத்தில் நின்றால் ஏற்பு. வேறெங்கே நின்றாலும் நிராகரிப்பு. நடுவில் ஒன்றும் கிடையாது.

எனக்கு அந்தப் பாடம் பிடித்துப்போனது. ஒளித்துச் சொல்வானேன், மகளைவிட எனக்குத்தான் முதலில் பிடித்தது.

3

அந்த இலையுதிர் காலத்தில் பாலர் பாடசாலைக்கு ஒரு புதுப் பிள்ளை வந்தாள். மெர்லின், ஐந்து வயது. அகதிகள் முகாமிலிருந்து தாய் தினமும் கூட்டிவந்து விடுவாள். நோர்வேக்கு வந்து இரண்டு வருஷமாகியிருந்தது. பிள்ளை வாய் ஓயாமல் நோர்வேஜிய மொழியில் பேசுவாள். தாய் ஜெபமாலை, முப்பது வயதிருக்கும், வாசலிலேயே நின்று குடையை மடக்கத் தெரியாமல் தடுமாறுவாள்.

"பிள்ளைக்கு உடுப்பு மாத்திறதுக்கு இன்னொரு சோடி கொண்டு வாங்கோ" என்றேன்.

"சரிங்கக்கா. நீங்க யாழ்ப்பாணமாக்கா?"

அந்த 'சரிங்கக்கா'வைக் கேட்டு எத்தனை வருஷம்! "இல்ல, வட்டவள" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பொய் சொல்லாதீங்கக்கா."

"நெசமாத்தான். நீ எந்தப் பக்கம்?"

"பூண்டுலோயாக்கா" என்றவள், குடையைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவள் கதை சுருக்கமானது. கணவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தான். படையினரின் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே என்று இன்றுவரை தெரியாது. தேடிப் போன இவளையும் விசாரணைக்கு என்று மறுபடி மறுபடி அழைத்தார்கள். ஒரு முறை போய் வந்த பிறகு இவள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அண்ணன் ஒரு முகவரைப் பிடித்து அனுப்பிவைத்தார். முகவர் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டான். கையில் அவள் எந்த ஊர் என்று காட்டுவதற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

"பேசச் சொல்லி டேப்புல புடிச்சாங்கக்கா. எங்க ஊரு, எங்க வீடு, என்னா சமைப்போம், எல்லாம் கேட்டாங்க. நானும் லயம், பெரட்டு, கொழுந்துன்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். இனி அவுங்க கேட்டுட்டுச் சொல்லுவாங்களாம்."

"அப்ப பயமில்ல. ஒன்னோட பேச்சக் கேட்டா யாருக்கும் தெரிஞ்சிரும்" என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

ஒக்டோபரில் பதில் வந்தது. அவளுடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்திருந்தார்கள். விண்ணப்பதாரி பேசுவது இலங்கைத் தமிழல்ல, தென்னிந்தியத் தமிழ், ஏறக்குறைய நிச்சயம் என்று மொழிப் பரிசோதனை சொல்கிறதாம். எனவே அவள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்படுவாள்.

"இந்தியாவாக்கா?" என்றாள் ஜெபமாலை. "கப்பல்லகூட நான் அங்க போனதில்லியே. எங்க பாட்டன் பூட்டன் வந்த ஊரு பேருகூட எனக்குத் தெரியாது. அங்க யாருகிட்டக்கா நான் போவேன்?"

பக்கத்தில் மெர்லின் சப்பாத்து நாடாவைத் தானே கட்டிக்கொண்டிருந்தாள்.

4

அடுத்த ஞாயிறு அவர்கள் இருவரையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். என் கணவர் கோழிக்கறி வைத்தார். நிரோஷினி தாமதமாக எழும்பி, தலைமயிரைக் கட்டிக்கொண்டு மேசைக்கு வந்தாள். வணக்கம் சொன்னாள், மெர்லினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோர்வேஜிய மொழியில் விளையாட்டாக ஏதோ பேசத் தொடங்கினாள்.

ஜெபமாலை அன்று கொஞ்சம் உற்சாகமாக இருந்தாள். சோற்றைக் கண்டதும் வீட்டு நினைப்பு வந்திருக்கவேண்டும். "எங்க லயத்துல நாங்க அஞ்சாவது காம்பரா. வாசல்ல நின்னா தொங்கல் வரைக்கும் தேயிலதான் தெரியும். எங்கம்மா விடிகாலையில பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறப்போ என்னயும் எழுப்பி விட்டுட்டுத்தான் போவாங்க…"

நிரோஷினியின் கரண்டி தட்டில் விழுந்தது.

அவள் ஜெபமாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று எழுந்து குசினிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பிள்ளை? வயித்துக்கு ஏதும்…?"

"அம்மா, அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறன்."

"எங்க கேட்டனீ?"

"ரேப் நாடாவில. அதே காம்பரா. அதே, அம்மா பெரட்டுக்குப் போறது. அதே வசனம்."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவள் பகுதிநேரமாக ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒலிநாடா கேட்கும் வேலை செய்கிறாள் என்று தெரியும். ரகசியம் காக்கும் உறுதிமொழி வாங்கியிருந்ததால் நாங்கள் விபரம் கேட்டதில்லை. கேட்டு எழுதிக் கொடுக்கிற வேலை என்று நினைத்திருந்தேன்.

"கேட்டு எழுதுறேல்லை அம்மா. எந்த நாட்டுத் தமிழ் எண்டு சொல்லுறது. நான்தான் இந்தியா எண்டு போட்டனான்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தவேண்டும் என்று மட்டும் தோன்றியது. நிறுத்தினேன்.

"அவ லயம் எண்டு சொன்னாளே. தேயிலை எண்டு சொன்னாளே."

"இந்தியாவிலயும் தேயிலை இருக்குத்தானே! அதோட, என்ன சொல்லினம் எண்டு கேக்கக் கூடாது எண்டு எங்களுக்குச் சொல்லித் தந்தவை. ஊர்ப்பேர் எல்லாம் ஆரும் பாடமாக்கிச் சொல்லலாமாம். எப்பிடிச் சொல்லினம் எண்டு மட்டும்தான் கேக்க வேணும். அவ 'இருக்காங்க' எண்டா. 'போறோம்' எண்டா. படத்தில கதைக்கிற மாதிரி. இலங்கையில அப்பிடிக் கதைக்கிற ஆக்கள் இருக்கினம் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் பேசுவேன்டி" என்றேன். "நான் அப்படித்தான் பேசுவேன். எங்கம்மா பேசுவாங்க. எங்க ஊருல எல்லாரும் பேசுவாங்க."

என் மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். வேறு யாரோ என் வாய்க்குள் இருந்து பேசுவதுபோல ஓர் அடி பின்னால் போனாள்.

"நீங்கள் இப்பிடிக் கதைச்சு நான் ஒருநாளும் கேக்கேல்லையே அம்மா."

5

அவர்களை அனுப்பிவிட்டு மூன்று பேரும் வரவேற்பறையில் உட்கார்ந்தோம். என் கணவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"இஞ்சேரும், பிள்ளை வேணுமெண்டு செய்யேல்ல. இதை வெளியில கதைக்காதையும். உறுதிமொழி குடுத்திருக்கு. நாளைக்குப் பிள்ளையின்ர படிப்பு, வேலை எல்லாம் என்னாகிறது? ஜெபமாலைக்கு ஒரு நல்ல சட்டத்தரணியைப் பிடிச்சுக் குடுப்பம்."

"சட்டத்தரணிக்கு என்ன தெரியும் அப்பா?" என்றாள் நிரோஷினி. "பிழை விட்டது நான் எண்டு நான்தான் சொல்ல வேணும்."

"நிச்சயமில்லை எண்டு போட இடமே இல்லையா?" என்று கேட்டேன்.

"இருந்தது. ஆனா அதைக் கனக்கப் போட்டால் பிறகு ரேப் அனுப்பமாட்டினம். நான் அதுக்காகப் போடேல்ல எண்டில்லை அம்மா. எனக்குச் சந்தேகமே வரேல்ல. அதுதான்…"

அந்த வாரம் வகுப்பில் முதல்தடவையாக அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைய பாடத்தை நான் வாழ்நாளில் மறக்கப்போவதில்லை.

எந்தக் கணினி நிரலைக் கொடுத்தாலும், அது ஒரு நேரம் ஓடி முடிந்து நிற்குமா, முடிவேயில்லாமல் ஓடுமா என்று பிழையில்லாமல் சொல்லுகிற நிரல் ஒன்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம் என்றார் விரிவுரையாளர். அதை உள்ளே வைத்து இன்னொரு நிரலை எழுதினார். 'நிற்கும்' என்று பதில் வந்தால் இது முடிவில்லாமல் ஓடும். 'நிற்காது' என்று வந்தால் உடனே நின்றுவிடும். இப்போது இந்த நிரலைப் பற்றியே அந்த முதல் நிரலிடம் கேளுங்கள் என்றார். நிற்கும் என்றாலும் பொய். நிற்காது என்றாலும் பொய். ஆகவே அப்படியொரு நிரல் இல்லை. இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பதல்ல, எந்தக் காலத்திலும், எவ்வளவு பெரிய கணினி வந்தாலும் இல்லை.

அவர் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுக் கைகளைத் தட்டினார். கணக்கு என்றால் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கும் என்றுதான் நானும் படித்தேன், ஹட்டன் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். விடை உண்டு, ஆனால் அதை எல்லா நேரமும் சரியாகச் சொல்ல ஒரு வழியும் இருக்க முடியாது என்பதை, அரைப் பலகையில், எந்தச் சத்தமும் இல்லாமல் ஒரு மனுஷி நிரூபித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிறார்.

பக்கத்தில் நிரோஷினி கையை உயர்த்தினாள். வகுப்பில் அவள் கேள்வி கேட்டது அதுதான் முதல்முறை.

"தெரியாது என்று சொல்ல அந்த நிரலுக்கு அனுமதி கொடுத்தால்?"

விரிவுரையாளர் அவள் பக்கம் திரும்பினார். "அப்படியானால் முரண்பாடே வராது. அப்படியொரு நிரலை எழுதலாம். சில கேள்விகளுக்குப் பதில் சொல்லும், சிலவற்றுக்குத் தெரியாது என்னும். சொல்கிறபோது சரியாகச் சொல்லும். நேர்மையான இயந்திரம்."

நிரோஷினி எதையும் எழுதவில்லை. வகுப்பு முடிந்ததும் என்னிடம், "நான் சட்டத்தரணியிட்டப் போறன். நீங்களும் வாறீங்களா?" என்றாள்.

6

சட்டத்தரணி இளம் பெண். நிரோஷினி சொல்வதைக் கேட்டுவிட்டு, "இதைச் சொன்னால் உங்கள்மேல் அந்த நிறுவனம் நடவடிக்கை எடுக்கலாம், தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றாள். கையெழுத்திட்டாள். இரண்டு வரிக் கடிதத்தில் நிறுவனம் அவளை நிறுத்திவிட்டது. அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அறிக்கையை அவர்கள் திரும்பப் பெறவும் இல்லை. ஒருமுறை கொடுத்த முடிவு கொடுத்ததுதானாம்.

பிறகு சட்டத்தரணி என்னிடம் திரும்பினார். "நீங்களும் அதே மலைப்பகுதிதானே? உங்கள் ஊர்ப் பேச்சில் கொஞ்ச நேரம் பேசித் தாருங்கள். பதிவுசெய்து மேன்முறையீட்டோடு ஒப்பிடக் கொடுக்கலாம்."

இதைவிட லேசான உதவி இருக்குமா? ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்தேன். "எங்க தோட்டத்துல, காலைல சங்கு ஊதுனதும் எங்கம்மா எந்திரிச்சு…" என்று நன்றாகத்தான் தொடங்கினேன். கொஞ்ச நேரம் போனது. அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவள், "அவ எப்பவும் வெள்ளனவே போயிடுவா, எங்களுக்குத் தேத்தண்ணி வச்சிட்டு, நாங்கள் எழும்பேக்க…" என்று என் காதிலேயே விழுந்தது. நிறுத்தினேன். மறுபடி தொடங்கினேன். மறுபடியும் அதே. 'நாங்க'வும் 'நாங்கள்'உம் மாறி மாறி வந்தன. எங்கம்மா என்னிடம் எப்படிப் பேசுவார் என்று நினைத்துப் பார்த்தேன். முகம் வந்தது, கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் பதிந்த தழும்பு வந்தது, குரல் வரவில்லை.

சட்டத்தரணிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்து, "பரவாயில்லை" என்று இயந்திரத்தை நிறுத்தினார். அந்த நாடாவை ஒரு பரிசோதகர் கேட்டிருந்தால் என்னை எந்த ஊரிலும் சேர்த்திருக்கமாட்டார். ஜெபமாலைக்கு உதவப்போய் அவளுக்குக் கெடுதல்தான் செய்திருப்பேன். அதைப் பாவிக்கவில்லை.

கடைசியில் மேன்முறையீட்டுச் சபை வேறொரு நாட்டிலிருந்த மொழியறிஞர் ஒருவரிடம் நாடாவை அனுப்ப ஒத்துக்கொண்டது. அதற்குள் பரீட்சை வந்தது. இருவரும் எழுதினோம், இருவரும் சித்தியடைந்தோம். சிநேகிதி கேட்ட ஊக்கமான பகுதி இவ்வளவுதான். வசந்தம் வந்தது, கோடை வந்தது. ஜெபமாலை ஞாயிறு தோறும் வீட்டுக்கு வந்தாள். நிரோஷினிதான் அந்த நாடாவைக் கேட்டவள் என்பதை, நாங்கள் சட்டத்தரணியிடம் போவதற்கு முன்னரே, நிரோஷினியே அவளிடம் சொல்லியிருந்தாள். ஜெபமாலை, "நல்லா கேட்டியா தங்கச்சி? நான் அழுதது எல்லாம் கேட்டுச்சா?" என்று மட்டும் கேட்டாள். கேட்டது என்றாள் என் மகள். அதற்குப் பிறகும் அவள் வருவதை நிறுத்தவில்லை. வேறு எங்கே போவாள்?

இலையுதிர் காலம் மறுபடி தொடங்கியபோது முடிவு வந்தது. சட்டத்தரணி தொலைபேசியில் சொன்னார். நிரோஷினிதான் எடுத்தாள். "இலங்கை மலையகம், சந்தேகமில்லாமல்" என்று அறிக்கை வந்திருக்கிறது, சபை அதை ஏற்றுக்கொண்டது என்றாராம். நிரோஷினி ரிசீவரைப் பிடித்தபடியே துள்ளினாள். என்னைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, ஏத்துக்கொண்டினம்! ஏத்துக்கொண்டினம்!"

தொலைபேசியில் சட்டத்தரணி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நிரோஷினி அதை மறுபடி காதில் வைத்தாள். அவளுடைய கை என் தோளிலிருந்து மெல்ல இறங்கியது.

அவள் இலங்கையர் என்பது நிரூபணமாகிவிட்டது. இலங்கையில் இப்போது சண்டை நிறுத்தம். அதிலும் மலையகம் போர் நடந்த பகுதியே அல்ல. ஆகவே திரும்பிப் போவதில் ஆபத்தில்லை. ஆகவே நிராகரிப்பு.

நாங்கள் ஒரு வருஷமாகப் பாடுபட்டு நிரூபித்ததை அப்படியே எடுத்து அதே நிராகரிப்புக்குக் காரணமாக வைத்திருந்தார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. வாய் திறந்தபடி இருந்தது என்று பிறகு என் கணவர் சொன்னார். அவர்தான் முகாமுக்குப் போய் ஜெபமாலையிடம் விஷயத்தைச் சொன்னவர். வெளியில் பேசவேண்டாம் என்றவர், அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பி வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அழுதார்.

விமான நிலையத்தில் எங்களை உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றோம். இரண்டு பொலிசார் நடுவில் ஜெபமாலை, கையைப் பிடித்தபடி பிள்ளை. மெர்லின் தன் பாலர் பாடசாலைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்குக் கையசைத்தாள். உல்லாசப் பயணம் போவதாக நினைத்திருப்பாள்.

7

பூண்டுலோயாவுக்குப் போய்ச் சேர்ந்து சில வாரத்தில் ஜெபமாலை தொலைபேசியில் பேசினாள். கொழும்பில் ஒரு நாள் முழுக்க விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்களாம். அண்ணன் வீட்டில் இருக்கிறாளாம். கொழுந்துக்குப் பேர் பதிந்திருக்கிறாளாம். கணவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

"நான் எப்படியாவது இருந்துருவேங்கக்கா. இந்தப் புள்ளதான். பள்ளிக்கூடத்துல வாயே தொறக்க மாட்டேங்கிறா. தமிழ் பேசுனா ஒரு மாதிரி இழுக்கிறா, மத்த புள்ளைங்க சிரிக்குதுங்க. எல்லாரும் வெள்ளக்காரப் புள்ளைங்கிறாங்க. நிரோஷினிகிட்ட குடுங்கக்கா, கொஞ்சம் பேசட்டும்."

நிரோஷினி ரிசீவரை வாங்கினாள். நோர்வேஜிய மொழியில் ஒரு சொல்தான் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பிள்ளையின் குரல் வெள்ளமாகக் கொட்டத் தொடங்கியது. அறையின் மறுகோடியில் நின்ற எனக்கே கேட்டது. மாதக்கணக்காக அடைத்து வைத்திருந்ததெல்லாம் வந்தது. நிரோஷினி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டு, "ம்… ம்…" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்றிலிருந்து ஞாயிறு தோறும் அவள்தான் எடுக்கிறாள். வேறு எந்த அலுவல் இருந்தாலும் அந்த நேரத்துக்கு வீட்டில் நிற்பாள். அந்தத் தோட்டத்தில் மெர்லினோடு பேச வேறு ஆள் கிடையாது.

போன ஞாயிறு பேச்சு நடுவில் நிரோஷினி திடீரென்று ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அங்க எல்லாரும் வெளிநாட்டுப் பாஷை கதைக்கினமாம். தன்னை எப்ப வந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவன் எண்டு கேக்கிறாள்."

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். நிரோஷினி எனக்காகக் காத்திருக்கவில்லை. கையை எடுத்துவிட்டு, அடுத்த ஞாயிறும் இதே நேரத்துக்கு எடுப்பேன் என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னாள். அதற்குமேல் உண்மையாகச் சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை.